பின்னால் நின்று பார்ப்பவள்

மாடு வாங்கப் போவதென்றால் மற்றவர்கள் சொன்ன நேரத்துக்குப் போவார்கள். அவள் பத்து மணிக்கு வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு ஏழு மணிக்கே போய் நிற்பாள். விற்கிறவன் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்து, "என்னம்மா, பத்து மணின்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டால், "தூக்கம் வரல, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்துவிடுவாள். பத்து மணிக்குப் போனால் மாடு குளித்து முடித்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நிற்பது போல நிற்கும். இரண்டு வேளை கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைத்திருப்பார்கள். ஏழு மணிக்கு மாடு வெறும் மாடாக நிற்கும். அவளுக்கு அதுதான் வேண்டும்.

பிறக்கும்போதே யாரும் சந்தேகப் பிராணியாகப் பிறப்பதில்லை. பத்தொன்பது வயதில் அப்பாவுக்குப் பதிலாகத் தனியாகப் போய் ஒரு பசு வாங்கிவந்தாள். மறுநாள் கறந்தால், சொன்ன பாலில் பாதிகூட இல்லை. மடியைப் பெருக்கிக் காட்டிக் காதில் பூ சுற்றி அனுப்பியிருந்தார்கள். அதோடு சரி. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷத்தில் அவளை ஏமாற்றினேன் என்று ஒருத்தனும் மார்தட்ட முடிந்ததில்லை. தீவன மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்வாள். மழை வரும் என்று செய்தியில் சொன்னால், வெளியே வந்து தானும் ஒரு தடவை வானத்தைப் பார்ப்பாள். மாட்டு வியாபாரிகள் அவளுக்கு 'மோப்பம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் காதிலும் விழுந்தது. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அவளுடைய பெரிய வித்தை வேறு. பால் கறந்து முடித்த மாடுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும் சிமெண்டுப் பாதையில், தினமும் காலையில் போய்ப் பின்பக்கமாக நின்றுகொள்வாள். கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், அறுபது மாடுகளின் நடையையும் பார்ப்பாள். எதிரே ஆள் நின்றால் மாடு தன் நொண்டலைக் காட்டாது. வலியை மறைக்க அதற்குத் தெரியும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நடக்கும்போதுதான் முதுகு லேசாக வளையும், ஒரு கால் தரையில் கொஞ்சம் குறைவாகத் தங்கும். மாட்டு டாக்டருக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிவது அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். குளம்பைச் சீவி, மருந்து போட்டு, வைக்கோலை மெத்தென்று பரப்பி ஒரு வாரம் பார்ப்பாள். அதற்குள் சரியாகவில்லையா, அடிமாட்டு லாரிக்காரனுக்குப் போன் போய்விடும். கல்நெஞ்சுக்காரி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பண்ணை நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மற்றவர்கள் ஒரு நாள் வருத்தப்படுவார்கள், அவள் அதுகூடப் படமாட்டாள்.

மாடுகள் அவள் பொறுப்பு, இயந்திரங்கள் தம்பி பொறுப்பு. அவளைவிட ஆறு வயது சின்னவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குப் புருஷன் போன பிறகு இரண்டு பேரும் அதே வீட்டில், அதே சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டுக் காலம் தள்ளிவிட்டார்கள். டிராக்டரில் உட்கார்ந்தால் அவன் ராஜா. கீழே இறங்கினால் எதற்கும் "நீ பாத்துக்கக்கா" என்பதுதான் அவன் பதில். சுவருக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்பதிலிருந்து எந்தக் கன்றை வைத்துக்கொள்ளலாம் என்பது வரை, வாழ்க்கையில் அவன் அபிப்பிராயம் சொல்லி அவள் கேட்டதில்லை.

அவர்களுடைய பழைய டிராக்டரின் முன்னால் ஒரு லோடர் பூட்டியிருந்தது. அதாவது இரண்டு இரும்புக் கைகள். சாணம் அள்ளப் பக்கெட் மாட்டலாம், வைக்கோல் உருளையைக் குத்தித் தூக்க ஈட்டி மாட்டலாம். அந்தக் கைகளில் மூன்று இடத்தில் பற்றவைத்த தழும்பு. ஒரு நாள் மத்தியானம் முந்நூறு கிலோ உருளை ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு, எண்ணெய்க் குழாய் கசிகிறதா என்று தம்பி கீழே இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே இரும்பு முனகிற்று. கொட்டகை வாசலில் நின்ற அவள், "தள்ளுடா! தள்ளு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் நகரவில்லை. இரும்புக் கை முறிந்து உருளை விழுந்தது. அவனிடமிருந்து ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"காது என்ன அடைச்சுப்போச்சா? மரம் மாதிரி நிக்கிற!"

"பயத்துல கால் ஓடலக்கா."

அம்மா அப்பா போய், புருஷனும் போய், மிச்சமிருப்பது இவன் ஒருத்தன். அடுத்த உருளையும் ஒரு முழம் தள்ளி விழும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? புது டிராக்டர், புது லோடர், இந்த மாதமே என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

டிராக்டர் கடைக்காரர்கள் பாவம். பத்து மணி என்றாள், எட்டு மணிக்குப் போய்க் கடை திறக்கும் முன்னால் வாசலில் நின்றாள். முதல் வேலையாக எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓட்டிப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். லோடர் எவ்வளவு தூக்கும் என்று கேட்டு, ஒரு எண்ணைச் சொன்னதும், "அது எந்த இடத்துல? கையும் பக்கெட்டும் சேர்ற ஆணிகிட்டயா, பக்கெட்டோட விளிம்புலயா? உருளை ஆணி மேலயா உக்காரும்?" என்று மடக்கினாள். பின்சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, "பின்பக்கம் தூக்காம இருக்க இதுக்குள்ள தண்ணி நிரப்பியிருக்கீங்களா? எங்களுக்கும் நிரப்பித் தருவீங்களா, இல்ல இது காட்டுறதுக்கு மட்டுமா?" என்றாள். கொட்டகை வாசல் உத்தரத்தின் உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக் கொண்டுபோயிருந்தாள். அதை ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் நட்டு நிறுத்திப் பார்த்தாள்.

பசுக்களுக்குப் பேர் வைக்கிற பழக்கம் விடுமா? வண்டிகளுக்கும் வைத்தாள். முதல் கடையில் இருந்தது 'குண்டன்'. அதன் கனத்துக்கு மழைநாளில் முற்றத்துச் சேற்றில் அச்சு வரை இறங்கிவிடும், அது வேண்டாம். இரண்டாவது கடையில் 'சாது'. அறுபது குதிரைச் சக்தி, பழைய பாணிக் கியர், காலால் மிதிக்கும் கிளட்ச், நான்கு சக்கரமும் இழுக்கும், சக்கரங்களுக்கு நடுவே நல்ல அகலம், எளிதில் கவிழாது. குச்சிக்கு நான்கு விரல் கீழேயே நின்றது. அதன் கடைக்காரர் சிடுமூஞ்சி. அதுவே அவளுக்குப் பாதி நம்பிக்கையைக் கொடுத்தது.

மூன்றாவது கடையில் 'சீமாட்டி'. ஸ்டியரிங் பக்கத்தில் இடது கைக்கு ஒரு சின்ன லிவர். மேலே தள்ளினால் முன்னால் போகும், கீழே தள்ளினால் பின்னால் போகும், கிளட்ச்சே மிதிக்க வேண்டாம். உள்ளே முழுக்க ஒயர். குச்சியைவிட ஒரு சாண் உயரம். விற்கிறவர் ஓயாமல் சிரிக்கிற மனுஷன். அவ்வளவு பல்லைக் காட்டுகிறவனிடம் அவள் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கியதில்லை.

"எலி ஒரு ஒயரைக் கடிச்சா இவ படுத்துடுவா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். முடிந்தது, சாதுதான்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சீமாட்டியையே எடுத்துடலாம்க்கா."

அவள் கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது. நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் அபிப்பிராயம்.

"ஏன்?"

"சீட்டு நல்லாருக்கு."

"நீ என்ன, அதுல படுத்துத் தூங்கவா போற?"

"லைட்டு நல்லா எரியுது."

"பகல்லதானே ஓட்டுற!"

"சும்மா தோணுச்சு" என்று மழுப்பிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. உடனே ஒன்று ஞாபகம் வந்தது. மூன்றாவது கடையில் தேநீர் கொடுத்தபோது, அந்தச் சிரிப்பு மனுஷன் தம்பியின் கோப்பையில் மட்டும் சர்க்கரை போடவில்லை. யாரும் சொல்லவே இல்லை. முதல் தடவை போன கடைக்காரனுக்கு இவன் சர்க்கரை போடமாட்டான் என்று எப்படித் தெரியும்? இன்னொன்றும் இருந்தது. கொஞ்ச நாளாகவே அவன் தீவன அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் குசுகுசுக்கிறான். எங்கே கிளம்பினாலும், "நீ முன்னாடி போக்கா, நான் வரேன்" என்று தேங்கி நிற்கிறான். முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் அவன் வயலுக்குப் போன நேரம் பார்த்துத் தனியாகக் கிளம்பி மூன்றாவது கடைக்குப் போனாள். நேராகச் சீமாட்டியிடம் போய், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் பார்த்தாள். முதல் தடவை வந்தபோது பதினான்கு என்றிருந்தது. அன்றைக்கே காகிதத்தில் குறித்துக்கொண்டு போயிருந்தாள். இப்போது இருபது. சீட்டு கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. சிரிப்பு மனுஷன் குள்ளம், அவர் கால் பெடலை எட்டவே எட்டாது.

"யார் ஓட்டினது?"

"யாருமில்லையேம்மா..."

"ஆறு மணி நேரம் தானா ஓடுச்சா? வேற யாருக்கோ வாடகைக்கு விட்டுட்டு, புதுசுன்னு என் தலையில கட்டப் பாக்குறீங்களா? இந்தப் பருப்பு என்கிட்ட வேகாது!"

அந்த மனுஷனின் சிரிப்பு முதல் தடவையாக இறங்கியது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. உங்க தம்பிதான். ரெண்டு மாசமாவே அப்பப்போ வருவார். பின்னாடி மைதானத்துல ஓட்டிப் பாப்பார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். தப்பா நினைச்சுக்காதீங்க."

இரண்டு மாதம்! உருளை விழுந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்கு முன்னாலிருந்தே!

திரும்பி வரும் வழியெல்லாம் தனக்குள்ளேயே பொருமினாள். ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டாள், வீட்டுக்குள் இருப்பவனை விட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பு மனுஷனோடு சேர்ந்து இவனுக்கு என்ன பேச்சுவார்த்தை? வண்டியை விற்றுக் கொடுத்தால் அங்கே வேலை போட்டுத் தருகிறேன் என்றிருப்பானா? பண்ணையை விட்டுப் போகப் பார்க்கிறானா? எது என்றாலும் இவ்வளவு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன், முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே. அழுகை வந்தது. அழவில்லை. அதற்குப் பதிலாக ஒரு திட்டம் போட்டாள்.

"நாளைக்குச் சாது நம்ம பண்ணைக்கே வருது" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "நீதான் ஓட்டுற. என்ன குறை இருக்குன்னு என் கண்ணு முன்னாடி காட்டு. காட்டிட்டா சீமாட்டியைப் பத்திப் பேசுவோம்."

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. மாட்டிக்கிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சிடுமூஞ்சிக் கடைக்காரர் சாதுவை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். தம்பி அதைச் சுற்றிவந்து வலப்பக்கமாக ஏறினான். அவள் பழக்கதோஷத்தில் போய்ப் பின்பக்கமாக, வேலி ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் உருளையைக் குத்தித் தூக்கி, பின்னால் வந்து, திரும்பி, அடுக்கில் வைத்தான். மெதுவாகத்தான் செய்தான், ஆனால் ஒழுங்காகச் செய்தான். இரண்டாவதும் சரி. பார்த்தாயா, வண்டி தங்கம் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது உருளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. ஆரம்பித்துவிட்டான் நாடகத்தை என்று நினைத்தாள். மறுபடி குலுங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அவளைப் பார்த்துப் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

"தள்ளுக்கா!" என்று கத்தினான்.

தள்ளுவேனா? இந்த நடிப்புக்கெல்லாம் நான் நகரமாட்டேன் என்று கல்லாக நின்றாள். பின்சக்கரம் அவள் தோள் உயரம். பத்தடி, ஆறடி, மூன்றடி.

"அக்கா! தள்ளு! நிக்கமாட்டேங்குது!"

அந்தக் குரலில்தான் நடிப்பு இல்லை என்று உறைத்தது. நகர நேரமில்லை. முதுகு வேலியில் இடித்தது. அப்போது பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் இடது தொடையைப் பிடித்துத் தூக்கிக் கிளட்ச்சின் மேல் போட்டு அழுத்திக்கொண்டிருந்தான். கால் வழுக்கி விழுந்தது. வலது கால் பிரேக்கில்தான் இருந்தது, ஆனால் எஞ்சின் அதையும் மீறித் தள்ளியது. எட்டி எஞ்சினை அணைக்கும் கம்பியை இழுத்தான். ஒரு உதறலோடு வண்டி நின்றது. சக்கரத்துக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

சிடுமூஞ்சிக் கடைக்காரர் ஓடிவந்து, தூக்கிய உருளையைத் தரையில் இறக்கிவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "நான் தண்ணி குடிச்சிட்டு வரேம்மா" என்று மெல்ல நழுவினார்.

அவள் சக்கரத்துக்கும் வேலிக்கும் நடுவிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தாள். தம்பி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். முகத்தை மூடியிருந்தான்.

"எத்தனை நாளா?"

"வருஷம் ஆகப்போகுது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். போன்லயும் பேசிட்டுதான் இருக்கேன். இடுப்பு நரம்பாம். இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம், ஆனா பழையபடி ஆகாதுன்னுட்டார்."

"அப்புறம் நம்ம பழைய வண்டியை எப்படிடா ஓட்டின?"

"அதுல கிளட்ச் தேஞ்சு தொளதொளன்னு இருக்கும். முட்டியைக் கையால அமுக்கினா போதும். இது புதுசு, இறுக்கம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "சீமாட்டில இடது காலுக்கு வேலையே இல்லக்கா. நாள் பூரா ஓட்டலாம். ஓட்ட முடியுதான்னு பாக்கத்தான் போனேன்."

உருளை விழுந்த நாள் அவள் கண்முன் வந்து நின்றது. பயத்துல கால் ஓடலக்கா. பயமா? கால்தான் ஓடவில்லை.

"என்கிட்ட ஏன்டா சொல்லல? நான் யாரு உனக்கு?"

அவன் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, வண்டியின் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்.

"நொண்டி மாட்டை நீ ஒரு வாரம்தானேக்கா வச்சிருப்ப."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள், மறுபடி கழுவினாள், தண்ணீரை நிறுத்தாமல் அப்படியே நின்றாள். நீ முன்னாடி போக்கா, நீ முன்னாடி போக்கா. ஒரு வருஷமாக அவன் அதைத்தான் சொல்லியிருக்கிறான். அவள் பின்னால் நின்றால் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். தினம் அறுபது மாட்டின் நடையைப் பார்த்த கண், கூடப்பிறந்தவன் நடையைப் பார்க்கவில்லை. அவள் தன்னையே மனதாரத் திட்டிக்கொண்டாள்.

சாது அன்றைக்கே லாரி ஏறியது. சாயங்காலம் அவள் தச்சரைக் கூப்பிட்டாள். கொட்டகை வாசலைக் காட்டி, "இந்த உத்தரத்தை ஒரு சாண் மேல ஏத்தணும்" என்றாள்.

"கூரையைப் பிரிக்கணுமேம்மா. ஒரு சாணுக்காகவா?"

"ரெண்டு சாணா ஏத்துங்க. உள்ள வர்றவங்க தலை நிமிர்ந்து வரட்டும்."

பிறகு மூன்றாவது கடைக்குப் போன் செய்தாள். "சீமாட்டியை எடுத்துக்குறோம். பத்து மணிக்கு வரேன். முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைக்காதீங்க. வலப்பக்கம் இன்னொரு படியும் ஒரு கைப்பிடியும் வச்சுக் குடுக்கணும். இல்லைன்னா வேண்டாம்." மறுநாள் ஏழரைக்கே போய் நின்றாள் என்று சொல்லத் தேவையில்லை. எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அந்த மனுஷனின் சிரிப்பு நிஜமாகவே இருக்கலாம் என்று அப்போதும் அவளால் முழுசாக நம்ப முடியவில்லை. பாதி நம்பினாள்.

வண்டி வந்த அன்று தம்பி அதை உயர்த்திய உத்தரத்துக்கு அடியில் ஓட்டி உள்ளே நிறுத்தினான். முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று இடது கை விரலாலேயே ஆட்டி வைத்தான். இருபது உருளையையும் அடுக்கி முடித்தபோது அவன் முகத்தில் வியர்வைகூட இல்லை. புதுப் படியில் காலை வைத்து இறங்கினான். முற்றம் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டும். அவன் வழக்கம்போலத் தேங்கி நின்றான்.

"நீ முன்னாடி போக்கா."

"நீ போடா முன்னாடி. நான் பின்னால வரேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, சிமெண்டுப் பாதையில் நடந்தான். அவள் நின்று பார்த்தாள். இடது பாதம் தரையை உரசிக்கொண்டே வந்தது. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. ஒளிக்காமல் நடந்தான். ஒரு வருஷத்து நடையையும் அந்த நூறடியில் காட்டினான்.

பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலேயே கேட்டான். "என்னக்கா, லாரிக்காரனுக்குச் சொல்லிடலாமா?"

"செருப்பு பிஞ்சிடும். நட."

குரல் உடைந்ததை அவன் கேட்டிருப்பான். நிற்காமல் நடந்தான். அவளும் பின்னாலேயே, அவன் வேகத்துக்கே போனாள்.